காது அடைத்துக்கொண்டால்: குறும்பியை இளக்கி எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி விடியற்காலை. தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, வெந்நீரில் குளித்து எழுந்தேன். துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் தெருவில் போட்ட சரவெடி வலப்பக்கம் மட்டும் வெடித்தது. இடது காதில் பஞ்சை அடைத்து மேலே மெழுகு பூசியதுபோல் இருந்தது. நான் பேசுவது எனக்கே குடத்துக்குள்ளிருந்து கேட்டது. தண்ணீர்தான் புகுந்துவிட்டது என்று நினைத்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தேன். ஒன்றும் வரவில்லை. பட்ஸ் எடுத்துக் குடைந்தேன். முக்கால்வாசி அடைத்திருந்தது முழுவதும் அடைத்துக்கொண்டது.

பண்டிகை விடுமுறை முடிந்து மூன்றாம் நாள்தான் மருத்துவரைப் பார்க்க முடிந்தது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தவுடன் அவர், "எதை வைத்துக் குடைந்தீர்கள்?" என்றார். குடைந்தீர்களா என்று அவர் கேட்கவே இல்லை.

அடைத்தது குறும்பி, அதாவது காது அழுக்கு. அதற்குப் பிறகு இரண்டு முறை எனக்கு அடைத்திருக்கிறது. காதொலிக் கருவி வைத்திருக்கும் என் அம்மாவுக்கு வருடத்துக்கு இரண்டு முறையாவது அடைக்கிறது. நான் மருத்துவன் அல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வீட்டில் எதுவரை போகலாம், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

அடைத்திருப்பது குறும்பிதானா?

சொட்டு மருந்துக் குப்பியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. காது அடைப்பதற்குக் குறும்பி ஒரு காரணம் மட்டுமே. அதுதான் காரணம் என்றால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒரு காது மட்டும் அடைக்கும், குளித்த பிறகோ நீந்திய பிறகோ திடீரென்று தொடங்கும், கடும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழ் வடியாது. குளித்த பிறகு ஏன் என்றால், காய்ந்து கிடக்கும் குறும்பி தண்ணீரைக் குடித்து ஊதுகிறது. அதுவரை ஓர் ஓரத்தில் மயிரிழை அளவு வழி இருந்திருக்கும். ஒலி உள்ளே போக அதுவே போதும். அந்த வழி மூடியதும் உலகமே தூரப் போய்விடுகிறது. குறும்பி பல மாதங்களாக அங்கேதான் இருந்தது. அன்று காலை நடந்தது கதவு சாத்தியது மட்டும்தான்.

சளி, மூக்கடைப்புடன் சேர்ந்து வந்த அடைப்பு வேறு. மலைப்பாதையில் பஸ் ஏறும்போதோ விமானம் இறங்கும்போதோ வருவதும் வேறு. அவை செவிப்பறைக்கு அந்தப் பக்கம், மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாயில் உள்ள சிக்கல். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ 'டப்' என்று திறந்து மூடினால் அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியிலிருந்து எண்ணெய் விட்டுப் பயன் இல்லை.

இன்னொரு வகை அடைப்பு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படித்தால் போதும். உள்காதோ அதன் நரம்போ திடீரென்று செயலிழந்து, ஒரே காது சில மணி நேரத்திலோ ஒரே இரவிலோ மந்தமாகிவிடுவது உண்டு. அதுவும் 'காது அடைத்த மாதிரி' தான் தோன்றும். வலி இருக்காது. குறும்பி என்று நினைத்து இரண்டு வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால், ஸ்டீராய்டு மருந்து பலன் தரக்கூடிய காலம் கடந்துவிடும்.

இரண்டையும் ஓரளவு பிரித்தறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுங்கள். அந்த ஒலி எந்தக் காதில் கூடுதலாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். அடைத்த காதில் கூடுதலாகக் கேட்டால் அடைப்பு வழியில் இருக்கிறது, அதாவது குறும்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக இருக்கும் காதில் கூடுதலாகக் கேட்டால் உள்காதைச் சந்தேகிக்க வேண்டும். அன்றோ மறுநாளோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள். ஒலி விரல் வைத்த காதுக்குத் தாவும். மருத்துவர்கள் இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் கவைக் கருவி) நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையின் ஏழை வீட்டுப் பதிப்பு இது. முடிவான தீர்ப்பு ஆகாது. ஆனால் சட்டென்று கேட்காமல் போன காதுக்கு இதைச் செய்யாமல் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாதீர்கள். தலைசுற்றலோ பெரிய இரைச்சலோ சேர்ந்து வந்தால் சோதனைகூட வேண்டாம், நேரே புறப்படுங்கள்.

குறும்பி ஏன் சிக்கிக்கொள்கிறது

நாம் அழுக்கு என்று சொல்வதால்தான் பாதிப் பிரச்சினை. அழுக்கு என்றால் எடுக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. குறும்பி வெளியிலிருந்து வந்த தூசி அல்ல. பெரும்பகுதி உதிர்ந்த தோல். அதோடு தோலின் எண்ணெய்ப்பசையும் காதுக்கே உரிய சுரப்பிகள் சுரப்பதும் கலந்திருக்கும். லேசான புளிப்புத்தன்மை உள்ள அந்தப் பசை காதின் தோலை ஈரம் உறிஞ்சாமல் காக்கிறது, கிருமிகளை அண்டவிடாமல் செய்கிறது, உள்ளே வரும் தூசியைப் பிடித்து வைக்கிறது.

பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம், லேசாக வளைந்தது. அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான் குறும்பி சுரக்கிறது. உள்ளே உள்ள மூன்றில் இரண்டு பங்கு எலும்புக் குழாய். அங்கே சுரப்பியும் இல்லை, மயிரும் இல்லை, எலும்பின்மேல் மெல்லிய தோல் மட்டும். பட்ஸ் அங்கே பட்டால் உயிர் போவதுபோல் வலிப்பது அதனால்தான். ஆக, செவிப்பறைக்கு அருகில் குறும்பி கட்டியாகக் கிடக்கிறது என்றால் அது பெரும்பாலும் தானாகப் போகவில்லை. யாரோ தள்ளியிருக்கிறார்கள்.

காதுக்குழாயின் தோல் நகர்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உடம்பின் மற்ற இடங்களில் தோல் நின்ற இடத்திலேயே உதிரும். காதில் மட்டும் அது செவிப்பறையில் தொடங்கி வாசலை நோக்கி, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. செவிப்பறையில் மையால் புள்ளி வைத்து, அது நாளடைவில் வெளியே நகர்வதைப் பார்த்திருக்கிறார்கள். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் சேர்ந்து, குறும்பி மெல்ல மெல்ல வாசலுக்கு வந்து தானே உதிர்கிறது. இந்த நகரும் பட்டைக்கு எதிர்த் திசையில் நாம் தினமும் பட்ஸை விடுகிறோம். நுனியில் கொஞ்சம் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துத் திருப்தி அடைகிறோம். உள்ளே திணித்ததைக் கண்ணால் பார்க்க முடியாதே.

பட்ஸுக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1923இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர், தன் மனைவி பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குழந்தைக்குத் துடைப்பதைப் பார்த்து அதைச் சரக்காக்கினார். இன்று பல பெட்டிகளில் 'காதுக்குழாய்க்குள் நுழைக்க வேண்டாம்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். நமக்கோ குடைவது அதற்கு முன்பே பழக்கம். 'குறும்பிவாங்கி' என்று அதற்கென்றே ஒரு கருவியும் சொல்லும் தமிழில் இருந்தன. குறும்பிவாங்கி கிடைக்காதபோது கொண்டை ஊசி, ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு, பேனா மூடியின் கொக்கி. எங்கள் வீட்டில் பெரியப்பா ஸ்கூட்டர் சாவியால் குடைவார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பேசமாட்டார்.

குடைகிறவர்களுக்கு மட்டும்தான் அடைக்கும் என்று சொல்ல முடியாது. குழாய் பிறவியிலேயே குறுகலாக இருப்பவர்கள், காதில் மயிர் அடர்ந்தவர்கள், வயதானவர்கள், நாள் முழுதும் இயர்போனையோ காதொலிக் கருவியையோ செருகியிருப்பவர்கள் ஆகியோருக்கும் அடைக்கும். வயதாக ஆகச் சுரப்பிகள் வற்றிக் குறும்பி வறண்டு கெட்டியாகிறது. குறும்பி இளக்கமாக இருக்குமா, பொருக்குபோல் உலர்ந்திருக்குமா என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு முடிவு செய்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் இதைக் கண்டறிந்தார்கள். ஜப்பான், கொரியா, சீனா பக்கம் உலர்ந்த வகை அதிகம். இந்தியாவில் இரண்டு வகையினரும் உண்டு.

வீட்டில் கை வைக்கக் கூடாதவர்கள்

கீழே சொல்லப்போவது எல்லாருக்கும் பொருந்தாது. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்று எப்போதாவது சொல்லப்பட்டவர்கள், காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தியவர்கள், இப்போது காதில் வலியோ சீழோ ரத்தமோ உள்ளவர்கள் எதையும் ஊற்ற வேண்டாம். சொட்டு விட்டவுடன் தொண்டையில் அதன் கசப்பு தெரிந்தால் பறையில் ஓட்டை இருக்கலாம், அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரு காது மட்டுமே கேட்பவர்கள் அந்தக் காதில் எந்தப் பரிசோதனையும் செய்ய வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அவர்கள்தான் அதிகம். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும், காதுக்குள் தேங்கிய தண்ணீரும், குடைந்ததால் ஏற்பட்ட ஒரு சிறு கீறலும் சேர்ந்தால், தொற்று தோலைத் தாண்டி மண்டை எலும்புவரை பரவும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. சர்க்கரை உள்ளவர்கள் தண்ணீர் பீய்ச்சும் கட்டத்தை மறந்துவிட்டு மருத்துவரிடமே போவது நல்லது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இதேதான்.

எதை விடுவது

கடையில் கிடைக்கும் ஆலிவ் எண்ணெய், பாதாம் எண்ணெய், சமையல் சோடாக் கரைசல், மருந்துக்கடைச் சொட்டு மருந்து, வெறும் உப்புநீர் என்று வழிகள் பல. இவற்றில் ஒன்று மற்றொன்றைவிடக் கட்டாயம் மேல் என்று ஆய்வுகளால் காட்ட முடியவில்லை. விலை கூடிய குப்பியைத்தான் வாங்க வேண்டும் என்பது இல்லை.

எண்ணெய் குறும்பியைக் கரைக்காது. வழுக்க வைக்கும், அவ்வளவுதான். சோடாக் கரைசல் வேறு விதம்: நீர் சார்ந்தது என்பதால் கெட்டியான தோல் செதில்களுக்குள் புகுந்து கட்டியை நொறுக்குகிறது. கல்லாகக் காய்ந்த குறும்பிக்கு என் அனுபவத்தில் சோடாதான் வேலை செய்தது. மருந்துக்கடையில் சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தாகக் கேட்கலாம். கிடைக்கவில்லை என்றால், கொதித்து ஆறிய தண்ணீர் 60 மி.லி.யில் ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடா அரைத் தேக்கரண்டி கலந்தால் போதும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். துணி துவைக்கும் சோடா வேறு, அது தோலைப் புண்ணாக்கிவிடும். டப்பாவின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். சோடா சிலருக்குத் தோலை வறட்டும், எரிச்சல் தந்தால் எண்ணெய்க்கு மாறிவிடலாம்.

மருந்துக்கடைகளில் 'வாக்ஸ்' என்று கேட்டால் தரும் குப்பிகள் பலவற்றில் பாரா டைகுளோரோபென்சீன், பென்சோகெய்ன், டர்பன்டைன் எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். குறும்பியை இளக்கும், ஆனால் சிலருக்குக் குழாயின் தோல் சிவந்து எரியும். உறையில் போட்டிருக்கும் நாள் கணக்கைத் தாண்டாதீர்கள்.

நல்லெண்ணெய் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். எண்ணெய் எண்ணெய்தான், வழுக்க வைக்கும். எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. அடுப்படிக் கிண்ணத்தில் திறந்து கிடந்த செக்கு எண்ணெயில் கசடு இருக்கிறது. அதைவிட, பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி 'கை பொறுக்கும் சூடு' என்று விடுகிறார்களே, கை பொறுக்கும் சூட்டைச் செவிப்பறை பொறுக்காது. வெந்துபோன காதுகளை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேலும், வாரம் தவறாமல் காதில் எண்ணெய் விடும் பழக்கம் உள்ளவர்களுக்கு, நம் புழுக்கமான ஊர்களில், காதில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். இதைக் கடைசியில் சொல்கிறேன்.

சொட்டு விடும் முறை

குப்பியைக் கால்மணி நேரம் உள்ளங்கையிலோ சட்டைப்பையிலோ வைத்திருங்கள். குளிர்ந்த சொட்டு காதில் விழுந்தால் அறையே சுழலும். அடுப்பில் காட்டிச் சூடாக்க வேண்டாம்.

அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். உட்கார்ந்துகொண்டு தலையை மட்டும் சாய்த்தால் பாதி கழுத்தில் வழியும். காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்துப் பிடியுங்கள். வளைந்த குழாய் அப்போது ஓரளவு நேராகும். சிறு குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பிறகு காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை விரலால் ஏழெட்டு முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். சொட்டு உள்ளே இறங்கும் 'பொளக்' ஓசை கேட்கும். பத்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் குறைத்துக்கொள்கிறார்கள். எழுந்த பிறகு வழிவதைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். காதைப் பஞ்சால் அடைத்தால் விட்ட மருந்தைப் பஞ்சு குடித்துவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை, மூன்று முதல் ஐந்து நாள்வரை.

முதல் நாளிலேயே காது திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். திறப்பதற்குப் பதில் கூடுதலாக அடைக்கும். ஊறிய குறும்பி ஊதுவதால் அப்படி. எனக்கு இரண்டாம் நாள் சுத்தமாகவே கேட்கவில்லை. மருந்து தவறு என்று முடிவுகட்டிக் குப்பியைத் தூக்கிப்போட இருந்தேன். நான்காம் நாள் காலை தலையணையில் பழுப்பாக ஒரு கறை. அப்போது கூடத்தில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பலருக்குக் கட்டியாக விழாது, ஒரு வாரம் பத்து நாளில் துணுக்குத் துணுக்காகத் தானே வந்துவிடும். இரண்டு காதும் அடைத்திருந்தால் ஒரு காதை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். இரண்டிலும் ஒன்றாக விட்டு இரண்டும் ஊதிக்கொண்டால், பின்னால் வரும் லாரியின் ஹாரன்கூடக் கேட்காது.

ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைத்துப் பொங்கும், பார்க்க வேலை நடப்பதுபோல் இருக்கும். நம் மருந்துக்கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 6% வீரியம். காதுக்கு அது அதிகம். கலக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் கீழாக நீர்த்து விடுகிறார்கள். தோலைப் புண்ணாக்கும் என்பதால் நான் விடுவதில்லை.

தண்ணீர் பீய்ச்சுவது

ஐந்து நாள் ஊறிய பிறகும் திறக்கவில்லை என்றால் மட்டும் இந்தக் கட்டம். மேலே சொன்ன தடைகள் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு மட்டும். பயமாக இருந்தால் இதைத் தாண்டி மருத்துவரிடம் போய்விடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ரப்பர் குமிழ் உள்ள பீச்சி போதும். ஊசி மருந்துக்கான பிளாஸ்டிக் சிரிஞ்சில் அழுத்தம் கட்டுக்கடங்காது. கொதித்து ஆறிய தண்ணீர் சரியாக உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரி அளவில் இருக்க வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றினால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது.

இந்தச் சூட்டு விஷயத்துக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசே இருக்கிறது. வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற மருத்துவர், நோயாளிகளின் காதில் தண்ணீர் பீய்ச்சும்போது அவர்களுக்குத் தலைசுற்றுவதையும் கண்கள் துடிப்பதையும் கவனித்தார். குளிர்ந்த நீருக்குக் கண்கள் ஒரு பக்கம் துடித்தன, சூடான நீருக்கு எதிர்ப்பக்கம் துடித்தன, உடம்புச் சூட்டில் இருந்த நீருக்கு ஒன்றும் நடக்கவில்லை. உள்காதில் சமநிலையைக் காக்கும் குழாய்களில் உள்ள திரவம், சூடு குளிர்ச்சிக்கு ஏற்ப மேலும் கீழும் ஓடுவதே காரணம் என்று கண்டுகொண்டார். அந்த வேலைக்காக 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். மணிக்கட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

முதலில் அந்த வெதுவெதுப்பான நீரைச் சில சொட்டு காதில் விட்டுக் கால்மணி நேரம் படுத்திருங்கள். எண்ணெய் மட்டும் விட்டுவந்தவர்களுக்கு இந்தக் கால்மணி நேரம் பெரிய வித்தியாசம் செய்யும். பிறகு உட்கார்ந்து, காதுக்குக் கீழே ஒரு பாத்திரத்தை வேறொருவர் பிடிக்கட்டும். பீச்சியின் நுனி துளையின் வாசலிலேயே நிற்க வேண்டும். துளையை அடைக்கக் கூடாது, போன தண்ணீர் திரும்பி வர வழி வேண்டும். செவிப்பறையை நேராகக் குறிபார்க்காமல், குழாயின் மேல்-பின் சுவரைப் பார்த்து மெதுவாகப் பீய்ச்சுங்கள். தண்ணீர் சுவரோடு போய், கட்டியின் பின்னால் திரும்பி, அதைத் தள்ளிக்கொண்டு வரும். ஐந்தாறு முறை போதும். வலித்தாலோ தலைசுற்றினாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இருமல் வந்தால் பயப்பட வேண்டாம்: வேகஸ் என்ற நரம்பின் ஒரு கிளை காதுக்குழாய்க்கு வருகிறது, அதைச் சீண்டினால் சிலருக்குத் தொண்டை கமறும்.

முடிந்ததும் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, மடலைத் துணியால் துடையுங்கள். இந்த இடத்தில்தான் பட்ஸைத் தேடிக் கை போகும். விடாதீர்கள்.

மருத்துவரிடம் போனால்

வாரம் கடந்தும் அடைப்பு விடவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போக வேண்டியதுதான். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. நான் கற்ற ஒரு பாடம்: காய்ந்த குறும்பியோடு போனால், "நான்கு நாள் சொட்டு விட்டுக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். ஊறவைத்துவிட்டுப் போனால் ஒரே நடையில் முடிந்துவிடும்.

அங்கே நுண்ணிய குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள், அல்லது சிறு கொக்கிக் கருவியால் எடுப்பார்கள், அல்லது தண்ணீர் பீய்ச்சுவார்கள். உறிஞ்சும்போது காதுக்குள் ஜெட் விமானம் புறப்படுவதுபோல் சத்தம் வரும். என் அம்மா முதல் முறை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். எடுத்து முடித்ததும் சில நிமிடம் உலகம் கூச்சலாகக் கேட்கும். செய்தித்தாளைப் புரட்டும் ஓசையே காதைக் கிழிக்கும். அது தானே சரியாகிவிடும்.

இணையத்தில் விற்கும் கேமரா பொருத்திய காது கரண்டிகள் பற்றி: கைபேசித் திரையில் உள்ளே இருப்பது தெரியும், ஆனால் எவ்வளவு ஆழம் என்பது தெரியாது. தெரியாத ஆழத்தில் கரண்டியை விடுவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு குடையும் பெரியப்பாவே தேவலாம். காதில் செருகிக் கொளுத்தும் மெழுகுத் திரி சுத்த மோசடி. எரிந்து முடிந்ததும் திரிக்குள் காட்டும் பழுப்பு மெழுகு திரியிலிருந்தே வந்தது; காதில் வைக்காமல் கொளுத்தினாலும் அது இருக்கும்.

குழந்தை காதுக்குள் எதையாவது போட்டுக்கொண்டால்

இது குறும்பி இல்லை என்றாலும் இதே எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவருவார்கள் என்பதால் சொல்கிறேன். பட்டாணி, கடலை, புளியங்கொட்டை போன்றவற்றின்மேல் தண்ணீர் பட்டால் ஊதி இறுகிக்கொள்ளும். பொத்தான் வடிவ பேட்டரி என்றால் எதையும் ஊற்றாதீர்கள், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். சில மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். உயிருள்ள பூச்சி புகுந்திருந்தால் மட்டும் எண்ணெய் உதவும். வெதுவெதுப்பான எண்ணெய் சில சொட்டு விட்டால் அது அடங்கும், துடிப்பு நிற்கும். பிறகு மருத்துவர் எடுத்துவிடுவார்.

மறுபடி அடைக்காமல் இருக்க

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. குளித்ததும் துண்டின் நுனியை விரலில் சுற்றி, விரல் போகுமளவு துடைத்தால் போதும். கேட்பதில் குறை இல்லாமல், தொந்தரவும் இல்லாமல் உள்ளே குறும்பி தெரிந்தால் அதை எடுக்கவே தேவையில்லை. அடிக்கடி அடைக்கும் வாகு உள்ளவர்கள் மட்டும் வாரம் ஒருமுறை இரண்டு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அரிக்கிறதே, குடையாமல் எப்படி இருப்பது? நியாயமான கேள்வி. குடையக் குடையக் காவலுக்கு இருந்த பசை போய்த் தோல் வறண்டு இன்னும் அரிக்கும். அந்தச் சுழலை நிறுத்த ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகும் விடாமல் அரித்து, காது நசநசவென்று இருந்து, நாற்றமும் வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்ததுபோல், நடுவே கரும்புள்ளிகளுடன் தெரியும் என்பார்கள் மருத்துவர்கள். அதற்கு எண்ணெய் விட்டால் இன்னும் மோசமாகும். உறிஞ்சிச் சுத்தம் செய்து, பூஞ்சை மருந்து விட்டு, சில வாரம் தண்ணீர் படாமல் காக்க வேண்டும். தலைக்குக் குளிக்கும்போது வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவிய பஞ்சைக் காதுத் துளையின் வாயிலில் வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் காதொலிக் கருவி கீச்சென்று கத்தத் தொடங்கினால் எங்கள் வீட்டில் அது ஒரு செய்தி. குழாய் அடைத்திருக்கிறது, ஒலி உள்ளே போகாமல் திரும்பி வந்து கருவியின் ஒலிவாங்கியில் விழுகிறது என்று பொருள். முன்பெல்லாம் கருவியைப் பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு போனோம். இப்போது முதலில் கருவியின் நுனியை உலர்ந்த துணியால் துடைப்போம், வடிகட்டியை மாற்றுவோம். அப்போதும் கத்தினால் நாள்காட்டியில் அந்தத் தேதியில் ஒரு சொட்டு வரைவார் அம்மா. அன்று இரவு, கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்த பிறகு, முதல் முறை எண்ணெய் விடுவோம். காலையில் காதை உலரத் துடைத்த பிறகுதான் கருவியை மாட்டுவார். எண்ணெய் போனால் கருவி கெட்டுவிடும் என்று அவரே எனக்குப் பத்து முறை சொல்லியிருக்கிறார்.